பழைய ஃபெண்டரை வீட்டில் கட்டுவோர் கவனத்துக்கு

ட்வீட் துணி ஒட்டிய மரப்பெட்டி, உள்ளே ஐந்து வால்வு, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று. லியோ ஃபெண்டரின் கலிஃபோர்னியா தொழிற்சாலை 1955 முதல் 1960 வரை தயாரித்த டீலக்ஸ் கிட்டார் ஆம்ப் இவ்வளவுதான். 5ஈ3 என்ற குறியீட்டால் அறியப்படும் அதன் சர்க்கியூட்டைக் கிட்டார் வாசிப்பவர்கள் பலர் இன்றும் தாங்களே வீட்டில் கட்டுகிறார்கள். இதற்கான எல்லாப் பாகங்களையும் ஒரே பெட்டியில் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். இது செய்யத் தகுந்த வேலை என்பதே என் கட்சி. ஆனால் பலர் செய்கிற விதத்தில் கோளாறு இருக்கிறது.

இந்த சர்க்கியூட்டின் பெரிய பலம், ஒரே ஆள் அதை முழுதாகப் புரிந்துகொள்ள முடியும் என்பது. கிட்டாரிலிருந்து வரும் சிக்னலை 12ஏஒய்7 வால்வு பெருக்குகிறது. அடுத்துள்ள 12ஏஎக்ஸ்7 வால்வின் ஒரு பாதி மேலும் பெருக்க, மறுபாதி அதை இரண்டாகப் பிரித்து இரண்டு 6வி6 வால்வுகளுக்கு அனுப்புகிறது. கார்டை ஓங்கி அடித்தால் இந்த 6வி6-கள் அதிகக் கரண்ட் இழுக்கும். ஏசியை டிசியாக்கும் 5ஒய்3 வால்வு அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் வோல்ட்டேஜ் விழும். ஒலி ஒரு கணம் அமுங்கி, பிறகு மெல்ல எழும். வாசிப்பவரின் விரலுக்கு அது தெரியும். கட்டியவருக்குக் காரணமும் தெரியும். இதன் இரண்டு சேனல்களில், கிட்டார் செருகாத சேனலின் வால்யூமைத் திருகினால் வாசிக்கிற சேனலின் ஒலி மாறுவதும் அப்படித்தான்: இரண்டு கன்ட்ரோலும் நடுவில் ரெசிஸ்டர் எதுவும் இல்லாமல் ஒரே புள்ளியில் சேர்கின்றன.

ஹம் வந்தால், பழகிய கைகள் காய்ந்த மூங்கில் குச்சியால் கம்பிகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கும். வால்வின் கிரிடுக்குப் போகும் கம்பி ஹீட்டர் கம்பியை நெருங்கினால் இரைச்சல் கூடும், கொஞ்சம் விலக்கினால் குறையும். கம்பி எங்கே கிடக்கிறது என்பதும் சர்க்கியூட்டின் ஒரு பகுதி என்பதை வரைபடம் சொல்லித் தராது.

குறை தொடங்குவது, அச்சு அசல் என்ற வெறியில். ஃபெண்டர் அன்று பயன்படுத்திய மஞ்சள் ஆஸ்ட்ரான் கண்டென்சர்கள் வயதானால் டிசியைக் கசியவிடும். அந்தக் கசிவு அடுத்த வால்வின் கிரிடில் ஏறி அதைச் சூடாக்கும். அவற்றையே தேடிப்பிடித்துக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அன்றைய கார்பன் ரெசிஸ்டர்கள் இரையும், நாளாக ஆக மதிப்பும் மாறும். இன்றைய மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் அமைதியானது, விலையும் குறைவு. இவற்றில் செலவழிக்கும் பணம் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மருக்கும் ஸ்பீக்கருக்கும் போக வேண்டும். ஒலியை அதிகம் தீர்மானிப்பவை அவைதான்.

நகலெடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷலின் இசைக்கருவிக் கடைக்காகக் கென் பிரானும் டட்லி கிரேவனும் செய்த முதல் மார்ஷல் ஆம்ப், ஃபெண்டரின் 5எஃப்6-ஏ பாஸ்மேன் சர்க்கியூட்டின் நேரடி நகல். ஆனால் இங்கிலாந்தில் கிடைத்த ட்ரான்ஸ்பார்மரைப் போட்டார்கள். சீக்கிரமே கேடி66 வால்வுக்கு மாறினார்கள். பின்பக்கம் திறந்த பெட்டியில் நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர்கள் இருந்த இடத்தில், மூடிய பெட்டியில் நான்கு பன்னிரண்டு அங்குல செலஸ்டியன்கள் வந்தன. ராக் இசைக்கு வேறொரு குரல் கிடைத்தது. லியோ ஃபெண்டரும் எதையும் புனிதமாக வைத்திருக்கவில்லை. 5பி3, 5சி3, 5டி3, 5ஈ3 என்று அவரே டீலக்ஸை மாற்றிக்கொண்டே இருந்தார். அதில் ஒரு கட்டத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு ரெசிஸ்டரின் வண்ணப்பட்டையைக்கூட மாற்ற மறுப்பது அவர் வழியே அல்ல.

இன்னும் கவலை தருவது மின்சாரம். உள்ளே 350 வோல்ட்டை ஒட்டிய டிசி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியே வடித்து, மீட்டரால் அளந்து உறுதி செய்யாமல் உள்ளே கை வைக்கக் கூடாது. அந்தக்கால ஆம்ப்களில் இரண்டு முள் பிளக்தான். பலவற்றில் மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு ஒரு கண்டென்சர் போகும். அது ஷார்ட் ஆனால் சேசிஸில் மின்சாரம் பாயும். கிட்டாரின் கம்பிகளும் அந்தச் சேசிஸோடுதான் இணைந்திருக்கின்றன. எர்த் ஆன மைக்கில் பாடகரின் உதடு பட்டால் உயிர் போகலாம். இந்த இணைப்பையும் அசல் என்று நகலெடுப்பவர்கள் இருக்கிறார்கள். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

செலவு மிச்சமாகும் என்று யாரும் இறங்க வேண்டாம். பழைய ட்வீட் ஆம்ப்பைவிட மலிவுதான், ஆனால் அதே பணத்துக்குக் கடையில் நல்ல ஆம்ப் கிடைக்கும். சத்தமும் ஒரு சிக்கல். ஆசைப்பட்ட ஒலி வால்யூமை நன்றாக ஏற்றினால்தான் வரும். சுமார் பன்னிரண்டு வாட் டீலக்ஸை அடுக்குமாடியில் அப்படி வாசிக்க முடியாது.

முதல் முறை கட்டுபவர்கள் 5எஃப்1 சாம்ப்பில் தொடங்குங்கள். மூன்றே வால்வு, சுமார் ஐந்து வாட். அமெரிக்க 120 வோல்ட்டுக்கான ட்ரான்ஸ்பார்மரை வாங்காமல், நம் 230 வோல்ட்டுக்குச் சுற்றியதாகப் பாருங்கள். மூன்று முள் பிளக் போட்டு, சேசிஸைத் தனி போல்ட்டில் எர்த் செய்யுங்கள். முதன்முதலாக ஸ்விட்ச் போடும்போது, வால்வு ரேடியோ பழுதுபார்த்த மெக்கானிக் யாராவது உங்கள் ஊரில் இருந்தால், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.