செவிக்கு விடுதலை, நாவுக்கு வரி!

அறிவைப் பூட்டி வைத்தவர்களை நாம் நன்கு அறிவோம். ஓதுவதைக் கேட்டாலே காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று விதி எழுதி வைத்த நாடு இது. ஆகவே, ஆராய்ச்சி ஏடுகள் அனைவர்க்கும் பொது என்று எந்த மூலையிலிருந்து குரல் எழுந்தாலும் நம் நெஞ்சம் மகிழ்கிறது. அத்தகைய குரல் ஒன்று அங்கேரி நாட்டுத் தலைநகரில் எழுந்தது. 2001 டிசம்பரில் கூடிப் பேசியோர், 2002 பிப்ரவரி 14ஆம் நாள் புடாபெஸ்ட் பிரகடனத்தை வெளியிட்டனர். முதலில் கையொப்பமிட்டோர் 16 பேர். 'திறந்த அணுக்கம்' என்று இன்று வழங்கும் கொள்கைக்கு அதுவே அடிப்படை ஏடு. அதனைப் பாராட்டவும் வேண்டும். அதன் பிழையைச் சுட்டவும் வேண்டும். பகுத்தறிவாளனுக்குப் புனித ஏடு என்று ஒன்று கிடையாதன்றோ?

ஆய்வாளர் தம் கட்டுரைக்கு ஊதியம் கேட்பதில்லை. அது பழைய மரபு. இணையமோ புதிய கருவி. இரண்டும் கூடினால் ஆய்வுக் கட்டுரைகளை உலகமே விலையின்றிப் படிக்கலாம் என்கிறது பிரகடனம். செல்வரின் கல்வி ஏழையிடமும், ஏழையின் கல்வி செல்வரிடமும் செல்லவேண்டும் என்கிறது. சிறந்த எண்ணம்! ஏழைக்குக் கல்வி தரவேண்டும் என்று பேசுவோர் பலர். ஏழையிடமும் கல்வி உண்டு, அதனைச் செல்வரும் கேட்டுத் தெளியவேண்டும் என்று ஒப்புக்கொள்வோர் எத்தனை பேர்?

பிழை எங்கே? வாசகரிடம் காசு வாங்காவிட்டால் இதழ் நடத்தும் செலவுக்கு வழி என்ன என்ற கேள்விக்குப் பிரகடனம் ஒரு பட்டியல் தருகிறது. அரசு தரலாம், அறநிறுவனங்கள் தரலாம், பல்கலைக் கழகங்கள் தரலாம் என்று அடுக்கிவிட்டுக் கடைசியில், ஆய்வாளர்களே கூடத் தரலாம் என்று ஒரு சொல்லைச் சேர்த்தது. திண்ணையில் ஒதுங்கி நின்ற அந்தச் சொல், பின்னர் கூடத்தில் வந்து நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டது! இன்று பெரும் பதிப்பகங்களின் திறந்த இதழ்களில், கட்டுரை ஏற்கப்பட்டதும் ஆய்வாளரோ அவருக்காக அவர் நிறுவனமோ கட்டணம் செலுத்தவேண்டும். 'நேச்சர்' இதழ் 2020 நவம்பரில் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு இலட்சம் ரூபாய்க்கு மேல்! ஒரே ஒரு கட்டுரைக்கு!

அதாவது, பூட்டு உடையவில்லை. வாசகர் வாயிலிலிருந்து கழற்றி, எழுதுவோர் வாயிலில் மாட்டிவிட்டார்கள். ஏழை நாட்டு ஆய்வாளன் இனிக் கேட்கலாம். பேசத்தான் காசு வேண்டும். செல்வரின் கல்வி ஏழையிடம் சென்றது. ஏழையின் கல்வி செல்வரிடம் செல்லும் வழியிலோ சுங்கச்சாவடி நிற்கிறது.

"ஏழைகளுக்குத் தள்ளுபடி தருகிறோமே!" என்கிறார்கள் பதிப்பாளர்கள். தருகிறார்கள், மறுக்கவில்லை. எப்படித் தருகிறார்கள் என்பதையும் பார்ப்போம். பெரும் பதிப்பகம் ஒன்று வகுத்திருந்த விதி இது: மிகக் குறைந்த வருமான நாடுகளுக்கு முழு விலக்கு, அதற்கு அடுத்த படியிலுள்ள நாடுகளுக்குப் பாதி. ஆனால் அந்த அடுத்த படி நாட்டின் மொத்த உற்பத்தி 20,000 கோடி டாலரைத் தாண்டினால் பாதியும் இல்லை! மக்கள் தொகை பெருத்த நாட்டின் மொத்த உற்பத்தியும் பெருத்துத்தானே இருக்கும்? இந்தியா அந்த வரம்பிற்கு வெளியே நின்றது. நாட்டின் கணக்கேட்டில் உள்ள தொகை, மாவட்டக் கல்லூரியின் ஆய்வு மாணவனுடைய சட்டைப்பையில் உள்ளதா? மேலும், தள்ளுபடியைக் கட்டுரை அனுப்பும்போதே கேட்டாகவேண்டும், ஏற்கப்பட்ட பின் கேட்டால் இல்லை என்பது பல இடங்களில் விதி. சந்தாவும் வாங்கிக் கட்டணமும் வாங்கும் கலப்பு இதழ்களில் பெரும்பாலும் அந்தச் சலுகையும் கிடையாது. தன் ஆய்வின் தரத்தை நிறுவும் முன் தன் வறுமையை நிறுவவேண்டிய நிலை! கொடுப்பவன் நினைத்தால் குறைக்கலாம், நினைத்தால் நிறுத்தலாம். அதற்குப் பெயர் சலுகை, உரிமை அன்று.

இதழ் நடத்தச் செலவு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எழுதுவோர்க்கு ஊதியம் இல்லை. மதிப்பிட்டுத் திருத்துவோர்க்கும் பெரும்பாலும் ஊதியம் இல்லை. ஆய்வுக்கான பணமோ பெரும்பகுதி மக்களின் வரிப்பணம். படிப்பதற்கும் அதே வரிப்பணம்தான் செல்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்தில், 30 பதிப்பகங்களின் இதழ்களை அரசு நிறுவனங்கள் படிப்பதற்கு மட்டும், 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயை இந்திய அரசு 2024 நவம்பரில் ஒதுக்கிற்று. உழுதவனும் நாம், விதைத்தவனும் நாம். களத்து மேட்டில் நின்று அளந்து வாங்குகிறவன் வேறொருவன்!

மாற்று வழி இல்லையா? உண்டு. பிரேசில் நாட்டில் 1998இல் பொதுப் பணத்தின் துணையோடு தொடங்கிய 'சைலோ' இணையத் தொகுப்பு, இலத்தீன் அமெரிக்க இதழ்கள் பலவற்றை உலகிற்குத் திறந்து வைத்தது. சி.வி. இராமன் 1934இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமி, தன் இதழ்களை எழுதுவோரிடம் கட்டணம் கேளாமலே இணையத்தில் திறந்து வைத்தது. மூளை ஆராய்ச்சிக்கான 'நியூரோஇமேஜ்' இதழின் 3,450 டாலர் கட்டணத்தைக் குறைக்கக் கேட்டும் பதிப்பகம் இணங்காததால், 2023 ஏப்ரலில் அதன் ஆசிரியர் குழுவினர் 40க்கும் மேற்பட்டோர் ஒருசேர விலகி, இலாப நோக்கமற்ற புதிய இதழைத் தொடங்கினர். பதவியைத் துறந்து கொள்கையைக் காத்த செயல் அது.

புடாபெஸ்ட் இயக்கமும் தன் பிழையை உணர்ந்தது. 20ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2022இல் வெளியிட்ட பரிந்துரைகளில், பொருளாதாரக் காரணத்தால் எந்த ஆய்வாளரையும் ஒதுக்காத வழிகளையே நாடவேண்டும், கட்டண முறையிலிருந்து விலகவேண்டும் என்று கூறிற்று. தன் ஏட்டைத் தானே திருத்தும் துணிவு, வேதம் என்று கூறித் திருத்த மறுப்போரிடம் காணாத துணிவு. அதற்காகவும் அதனைப் பாராட்டுகிறோம்.

தோழர்களே! நம்மில் பலர் நாளை ஆய்வு மாணவர்கள், பேராசிரியர்கள். தள்ளுபடிக்கு விண்ணப்பம் எழுதும் நேரத்தில் ஒரு கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள்: எம் செவியைத் திறந்தீர்கள், நன்றி, எம் நாவுக்கு வரி விதிக்க உமக்கு உரிமை தந்தவர் யார்?