சைக்கிள் போன பாதை

கும்பகோணத்தில் சென்னை பஸ் ஏறினால் சோழபுரம் தாண்டி, அணைக்கரை வருவதற்கு முன்னால் திருப்பனந்தாள். ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் தூங்கிவிடுகிறவர்கள் இந்த ஊரைப் பார்த்திருக்க மாட்டார்கள். விழித்திருப்பவர்களுக்கு காசி மடம் தெரியும், செந்தமிழ்க் கல்லூரி தெரியும். கோயிலுக்குள் போய் வந்தவர்களுக்குச் சாய்ந்த லிங்கத்தின் கதையும் தெரிந்திருக்கும்.

தாடகை என்று ஒரு பெண். சிவனுக்குத் தினமும் மாலை சாத்துகிறவள். ஒருநாள் மாலையைத் தூக்கிப் பிடித்து நிற்கும்போது சேலை நழுவுகிறது. கையை இறக்கினால் மாலை போச்சு, இறக்காவிட்டால் மானம் போச்சு. முழங்கையால் சேலையை இடுக்கிக்கொண்டு தவிக்கிறாள். அதைப் பார்த்த சிவன், தானே தலையைச் சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டாராம். சாய்ந்த லிங்கத்தை நிமிர்த்த ராஜா யானைகளைக் கட்டி இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. கடைசியில் குங்கிலியக்கலய நாயனார் வந்து, லிங்கத்தில் கட்டிய கயிற்றைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு இழுத்தார். நிமிர்ந்தது.

இந்தக் கதையை எனக்கு மறுபடியும் சொன்னவர், எனக்குச் சித்தப்பா முறை ஆகும் ஒரு பெரியவர். எண்பதைத் தாண்டிவிட்டார். ஒன்பது மா நிலம், ஒரு ஓட்டு வீடு, காங்கிரஸ் - இந்த மூன்றும்தான் அவருடைய அப்பா விட்டுவிட்டுப் போன சொத்து. 2024 தேர்தல் முடிந்த சமயம் போயிருந்தபோது, பேச்சுவாக்கில் "யாருக்குப் போட்டீங்க சித்தப்பா?" என்று கேட்டேன்.

"போடலை."

நான் ஆடிப்போய்விட்டேன். 1952-ல் பத்து வயதுப் பையனாக, அப்பாவோடு மாட்டு வண்டியில் ஓட்டுச்சாவடிக்குப் போனதைத் திருவிழா மாதிரி சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். நான் முழிப்பதைப் பார்த்துத்தான் லிங்கத்தின் கதையை எடுத்தார். "சாமி சாய்ஞ்சாருன்னா, மாலை கொண்டாந்தவளுக்காகச் சாய்ஞ்சாரு தம்பி. நம்ம ஆளுங்க, எந்த மாலை பெருசுன்னு பார்த்துல்ல சாயறாங்க! ஒவ்வொரு தடவையும் கழுத்துல கயித்தை மாட்டிக்கிட்டு நிமிர்த்தறது மட்டும் நம்ம வேலையா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் மறந்திருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார்.

கட்சியை விட்டு ஓட்டுக்காரர்கள் ஏன் விலகுகிறார்கள் என்று ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் நாம் பேசுகிறோம். விலைவாசி, ஊழல், மின்வெட்டு என்று காரணம் அடுக்குகிறோம். அதெல்லாம் காற்றடிக்கிற பக்கம் போகிற ஓட்டுக்குச் சரி. பரம்பரை ஓட்டு என்று ஒன்று இருக்கிறதே, அதன் கணக்கு வேறு.

சித்தப்பாவின் முதல் ஓட்டே தோற்ற ஓட்டு. 1967. அப்போது 21 வயது ஆனால்தான் ஓட்டு. ரூபாய்க்கு மூணு படி அரிசி என்று தி.மு.க. சொன்ன தேர்தல். நெல் விளைகிற தஞ்சாவூர் ஜில்லாவிலேயே அரிசிக்கு ஆலாய்ப் பறந்த காலம் என்பதால் அந்த கோஷம் பற்றிக்கொண்டது. விருதுநகரில் காமராஜரே தோற்றார். ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 51 இடம்தான் கிடைத்ததே தவிர, காங்கிரஸுக்கு அப்போதும் விழுந்தது சுமார் 41 சதவிகித ஓட்டு. 1989-ல் மூப்பனாரை முன்னிறுத்தி காங்கிரஸ் தனியாக நின்றது. பாபநாசத்தில் அவர் ஜெயித்தார், கட்சிக்கு மொத்தமே 26 இடம். அப்போதும் ஐந்தில் ஒருவர் கைக்குத்தான் போட்டார்.

ஆக, தோல்வி இவர்களை ஒன்றும் செய்யவில்லை. காலையில் டீக்கடையில் நாலு பேர் கிண்டல் பண்ணுவார்கள், திருப்பிச் சொல்ல இவர்களிடம் பதில் இருக்கும். அந்தப் பதிலைக் கட்சியே பிடுங்கிக்கொண்டு போகிற நாள்தான் கஷ்டம்.

அப்படி ஒரு நாள் 1996 மார்ச்சில் வந்தது. அ.தி.மு.க.வோடுதான் கூட்டணி என்று டெல்லியில் நரசிம்ம ராவ் முடிவு எடுத்தார். ஐந்து வருஷமாக ஜெயலலிதா ஆட்சியைத் திட்டித் தீர்த்திருந்த காங்கிரஸ்காரன், மறுநாள் காலையில் எந்த முகத்தோடு டீக்கடைக்குப் போவான்? மூப்பனார் வெளியே வந்தார். தமிழ் மாநில காங்கிரஸ் பிறந்தது. சைக்கிள் சின்னம். தி.மு.க.வோடு கூட்டணி. ரஜினியின் ஆதரவு. 'அண்ணாமலை' படத்தில் அவர் சைக்கிளோடு நின்ற படம் சுவர் சுவராக ஒட்டப்பட்டது. ஒரு மாதம்கூட முழுசாக ஆகாத கட்சி 40 சட்டமன்றத் தொகுதிகளில் நின்று 39-ல் ஜெயித்தது. மக்களவைக்கு நின்ற 20-லும் ஜெயித்தது. ராவ் பக்கம் நின்ற காங்கிரஸுக்குத் தமிழ்நாட்டில் ஒரு இடம்கூட இல்லை.

மூப்பனாரைப் பற்றி இதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்: 1996-ல் தன் ஓட்டுக்காரன் மனசில் என்ன இருக்கிறது என்பதைச் சரியாகப் படித்த ஒரே தலைவர் அவர்தான். அதிகம் பேசாதவர். சுந்தரபெருமாள்கோயில் பண்ணை வீட்டுக்காரர், திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்கு முன்னால் நின்று எல்லாம் பார்த்தவர். 1997-ல் பிரதமர் பதவிக்கே அவர் பெயர் அடிபட்டது. கும்பகோணம் வட்டாரத்துக் காங்கிரஸ்காரர்களுக்கு அவர் தலைவர் என்பதைவிட, நம்ம ஊர்ப் பெரிய மனுஷர்.

திருப்பனந்தாள் இருப்பது மயிலாடுதுறை மக்களவைத் தொகுதியில். 1996-ல் கை சின்னத்தில் மணிசங்கர் அய்யர், சைக்கிளில் பி.வி.ராஜேந்திரன். சித்தப்பா சைக்கிள். அவருடைய அண்ணன் கை. "டெல்லி எப்படிச் சொன்னாலும் காங்கிரஸ்னா காங்கிரஸ்தான்டா" என்பது அண்ணன் கட்சி. ஒரே சுவர் வைத்த இரண்டு வீடு. ஒரு பாதியில் கை, ஒரு பாதியில் சைக்கிள். தேர்தல் முடிந்தது. ராஜேந்திரன் ஜெயித்தார். சித்தப்பா தெருவில் வெடி வெடித்தார். அண்ணன் வீட்டு வாசலுக்கு நேராக ஒரு சரம் வெடித்துவிட்டது என்று இவர் சொல்கிறார். வைத்தார்கள் என்று அண்ணன் சொன்னார். பேச்சு நின்றது. வரப்புத் தகராறு பிறகு தானாகவே வந்து சேர்ந்துகொண்டது.

2000 தை மாதம் அண்ணன் போய்ச் சேர்ந்தார். சித்தப்பா போனார். தெருவில் மற்றவர்களோடு நின்றுவிட்டு வந்தார்.

இதற்குப் பிறகு நடந்ததைத் தேதி வாரியாகப் படியுங்கள். 2001 சட்டமன்றத் தேர்தல். மூப்பனார் அ.தி.மு.க.வோடு கூட்டணி வைத்தார். எந்த ஜெயலலிதா வேண்டாம் என்று கட்சி தொடங்கினாரோ, அதே ஜெயலலிதா. டான்சி வழக்கில் 2000 அக்டோபரில் தண்டனை வேறு ஆகியிருந்தது. கையும் அதே கூட்டணியில். ஒரே மேடையில் இரட்டை இலை, கை, சைக்கிள்! த.மா.கா.வுக்கு 23 இடம் கிடைத்தது. ப.சிதம்பரம் கோபித்துக்கொண்டு தனிக் கட்சி கண்டார். மூப்பனார் தரப்புக்கு ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 1999-ல் தி.மு.க. போய் பி.ஜே.பி.யோடு சேர்ந்துவிட்டது. மதச்சார்பின்மையா, ஊழல் எதிர்ப்பா என்றால் முதலாவதுதான் முக்கியம் என்றார்கள். சரி, அதுவும் ஒரு கொள்கைதான். சித்தப்பாவும் அதைத்தான் டீக்கடையில் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியதாக அவரே ஒப்புக்கொள்கிறார்.

2001 ஆகஸ்ட் 30-ல் மூப்பனார் காலமானார். 2002 ஆகஸ்டில், குறுவைக்குத் தண்ணீர் வராத அந்த வருஷத்தில், த.மா.கா. காங்கிரஸிலேயே கலந்துவிட்டது.

"கட்சி மறுபடியும் ஒண்ணா ஆவறதுக்கு ஆறு வருஷம் ஆச்சு. அண்ணனுக்கு அவ்வளவு நாள் இல்லை தம்பி."

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் கணக்குப் புத்தகம்தான் ஞாபகம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்பெனிகளை ஒன்றாக இணைக்க வேண்டும் என்றால் பங்குதாரர்களுக்கு நோட்டீஸ் போக வேண்டும். கூட்டம் போட வேண்டும். முக்கால் பங்கு மதிப்புள்ளவர்கள் சம்மதிக்க வேண்டும். அதன் பிறகு கோர்ட் (இப்போது தீர்ப்பாயம்) அனுமதிக்க வேண்டும். பத்து ரூபாய் ஷேர் ஒன்றே ஒன்று வைத்திருப்பவன்கூட எழுந்து "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்லலாம். அரசியல் கட்சிகள் இணைவதற்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது? கட்சித் தாவல் தடைக்கான பத்தாவது அட்டவணை எம்.எல்.ஏ., எம்.பி.க்களை மட்டும்தான் எண்ணுகிறது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு தலையாட்டினால், அவர்கள் பதவிக்கு ஆபத்து இல்லை. ஓட்டுப் போட்டவன் அந்தக் கணக்கில் எங்குமே வர மாட்டான். கம்பெனி விற்கப்படும்போது 'குட்வில்' என்று ஒரு தொகை போடுவார்கள். பல வருஷ வாடிக்கையாளர்களின் நம்பிக்கைக்கு விலை அது. கட்சிகளின் பேரத்திலும் அந்த குட்வில்தான் விற்கப்படுகிறது. பணமோ பதவியோ வாங்கிக்கொள்கிறவர்கள் வேறு.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. பிரிட்டனில் லிபரல் டெமாக்ரட் கட்சி, கல்லூரிக் கட்டணத்தை உயர்த்த விடமாட்டோம் என்று 2010-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து ஓட்டு வாங்கியது. பிறகு கன்சர்வேடிவ் கட்சியோடு சேர்ந்து ஆட்சிக்கு வந்து, கட்டண உயர்வுக்கே துணை போனது. 57 இடம் வைத்திருந்த கட்சி 2015-ல் எட்டுக்கு இறங்கியது. கல்லூரிப் பையன்கள் அதை ஒரு கொள்கை மாற்றமாகப் பார்க்கவில்லை, முகத்துக்கு நேராகச் சொன்ன பொய்யாகப் பார்த்தார்கள்.

த.மா.கா. கதைக்கு இரண்டாம் பாகமும் உண்டு. 2014 நவம்பரில் ஜி.கே.வாசன் காங்கிரஸை விட்டு வெளியேறினார். உறுப்பினர் அட்டையில் காமராஜர், மூப்பனார் படம் போடுவதில் டெல்லியோடு தகராறு. திருச்சியில் கூட்டம், மறுபடியும் த.மா.கா. பத்தாயத்துக்குள் கிடந்த பழைய சைக்கிள் பேட்ஜைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தாராம் சித்தப்பா. 2016-ல் விஜயகாந்த், மக்கள் நலக் கூட்டணியோடு போய் ஒரு இடமும் இல்லை. அதுகூட அவருக்கு வருத்தமில்லை. "தோக்கறது நமக்குப் பழக்கம்தானே!" 2019-ல் அ.தி.மு.க. - பி.ஜே.பி. கூட்டணி. தஞ்சாவூரில் த.மா.கா. நின்றது, அதுவும் ஆட்டோ சின்னத்தில். 2024-ல் அ.தி.மு.க.வும் இல்லாமல் நேராக பி.ஜே.பி.யோடு.

மதவாதத்தோடு சேரக் கூடாது என்பதற்காகத்தானே 2001-ல் ஊழல் எதிர்ப்பை விட்டுக்கொடுத்தோம்? கட்சி தொடங்கிய காரணத்தை 2001 தின்றது. 2001-ன் காரணத்தை 2019 தின்றது. வாசனுக்கும் அவருடைய நியாயம் இருக்கும். சின்னக் கட்சி, பிழைக்க வேண்டும். ஆனால் எதற்காகப் பிழைக்க வேண்டும் என்று சித்தப்பா போன்றவர்கள் கேட்டால் யாரிடம் பதில் இருக்கிறது? கைக்கே திரும்பியிருக்கலாமே என்கிறீர்களா? 2024-ல் மயிலாடுதுறையில் கை சின்னம் நின்றது, சுதா ஜெயித்தார். நானும் கேட்டேன். "அண்ணன் இருந்தா போயிருப்பேன்" என்றார்.

இதில் சித்தப்பா மாதிரி ஆட்களின் தப்பும் இருக்கிறது. சொந்த அண்ணனோடு பேசாமல் இருக்கிற அளவுக்கு ஒரு சின்னத்தை நம்பலாமா? தலைவர்கள் ஒரே மேடையில் பொன்னாடை மாற்றிக்கொள்கிறபோது, தொண்டன் மட்டும் வரப்பில் அரிவாளோடு நிற்பானேன்? இதை நான் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. ஆனால், "நீ எந்தக் கட்சியும் இல்லைங்கறே. உனக்கு என்ன நஷ்டம் தெரியும்?" என்று கேட்டார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

இந்த மாதிரி ஓட்டுகள் எத்தனை இருக்கும்? ஊருக்குப் பத்தோ இருபதோ. ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். திருப்பனந்தாள் அடங்கிய திருவிடைமருதூர் சட்டமன்றத் தொகுதியில் 2011, 2016 இரண்டு தேர்தல்களிலும் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது ஆயிரம் ஓட்டுக்கும் குறைவான வித்தியாசம்தான்.

கிளம்பும்போது, "அடுத்த தேர்தலுக்காவது போடுவீங்களா?" என்று கேட்டேன். சித்தப்பா பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"யாராவது வந்து கேக்கட்டும், பார்ப்போம். போன தடவையும் தெருவுக்கு வந்தாங்க. வண்டியை விட்டுக் கீழே எறங்கலை."