கால் அறியும் சரிவு

மன்னார்ப் பெருநிலத்தில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை என்று பஸ்ஸில் போய் வந்தவர்கள் சொல்வார்கள். சைக்கிள் உழக்கிப் போனவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். முருங்கனிலிருந்து கடலை நோக்கிப் போகையில் பெடல் மிகக் கொஞ்சம் இளகும். அதே வழியில் திரும்பும்போது, காற்றசையாத காலையிலும், தொடை மிகக் கொஞ்சம் இறுகும். கண்ணுக்கு அகப்படாத இந்தச் சரிவை நம்பித்தான் பழையவர்கள் இங்கே ஒரு பெருங்குளத்தைக் கட்டினார்கள், வாய்க்கால் இழுத்தார்கள், வயல் விளைவித்தார்கள். அருவி ஆற்றின் கழிமுகத்திலிருந்து விடத்தல்தீவு வரை சைக்கிள் ஓடுவதன் முதல் சுவை இதுதான். நீர் இறங்கிய வழியை நம் கால் தானாகவே கண்டுகொள்கிறது.

இந்த நிலத்துக்குப் பொருத்தமான வண்டி பழைய நிமிர்ந்த சைக்கிள்தான். ரலி, ஹம்பர் என்று இங்கிலாந்திலிருந்து வந்தவையும், பிறகு இலங்கையிலேயே செய்யப்பட்ட லுமாலாவும் வடக்கின் தெருக்களை ஆண்டன. 28 அங்குலச் சில்லு, ஒற்றைப் பல்சக்கரம், அகன்ற ஹாண்டில், சுமை தாங்கும் கரியர். மலைநாட்டில் இந்த வண்டி மூச்சு வாங்கும். இங்கே அதற்குக் குறையே இல்லை. பெரிய சில்லு கிறவல் பாதையின் சிறு குழிகளை விழுங்கிக்கொண்டு உருளும். நிமிர்ந்து இருப்பதால் கண் வேலிக்கு மேலே நிற்கும். பனைவடலிக்கு அப்பால் வயல், அதற்கும் அப்பால் குளக்கட்டு என்று மூன்று அடுக்கையும் ஒரே பார்வையில் பிடிக்கலாம். பந்தயச் சைக்கிளில் குனிந்து போகிறவருக்குத் தார் மட்டுமே சொந்தம். இருந்தாலும் புது வண்டிதான் வேண்டுமென்றால் 32 மில்லிமீற்றருக்குக் குறையாத ரயர் போடுங்கள். காற்றை இறுக்கி அடிக்காதீர்கள். உடைமுள்ளும் விடத்தல் முள்ளும் உதிர்ந்து கிடக்கும் ஓரங்கள் இவை. ஒட்டுப் போடும் சாமான் இல்லாமல் புறப்படக்கூடாது.

வண்டிக்கு அடுத்தது காற்று. மலையேற்றம் இல்லாத ஊரில் காற்றே மலை. மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து இடைவிடாமல் வீசும். மழைக்காலத்தில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனி காற்றாலைகள் முப்பதும் சேர்ந்து 103.5 மெகாவாற் மின்சாரம் தரக்கூடியவை. அந்தக் கரையின் காற்று எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவருக்கு அதே வேகத்தில் எதிர்க்காற்று வந்தால், உடம்பை எதிர்க்கும் காற்றின் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் இங்கே ஓடத் தெரிந்தவர்கள் தூரத்தைக் கேட்பதற்கு முன் காற்றைக் கேட்பார்கள். விடியலில் காற்று அடங்கியிருக்கும்போது அதற்கு எதிரே போய்விட வேண்டும். பொழுதேறி அது வலுக்கும்போது அதைச் சுமக்கவிட்டுத் திரும்ப வேண்டும். தோணிக்காரருக்கும் சைக்கிள்காரருக்கும் பொதுவான கணக்கு இது.

பயணத்தை அரிப்பில் தொடங்குவது நல்லது. அநுராதபுரத்தைத் தொட்டுக்கொண்டு வரும் மல்வத்து ஓயாதான் நம் பக்கத்தில் அருவி ஆறு. 164 கிலோமீற்றர் ஓடி இந்தக் கரையில் கடல் சேர்கிறது. மகாவலிக்கு அடுத்து நாட்டின் நீண்ட ஆறு. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுக்கு மேல் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், துணைக்கு ஒருவரோடு தப்பி, இந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டே காடு கடந்து 1679 ஒக்டோபரில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். வழி தெரியாதவருக்கும் ஆறு வழி காட்டும் என்பதற்கு அந்த நடை ஒரு பெரிய சாட்சி. கோட்டையிலிருந்து சிறிது தூரத்தில், கடலோர மண்மேட்டில், முதல் பிரித்தானியத் தேசாதிபதி பிரெட்றிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யக் கட்டிய மாளிகையின் இடிபாடு நிற்கிறது. கடல் அதன் அடியை அரித்துக்கொண்டே இருக்கிறது. கிரேக்கப் பாணித் தூண்களை நினைத்துக் கட்டிய சுவர்களில் உப்புக்காற்று ஏறிவிட்டது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிழல் பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். செங்கல்லும் சுண்ணச்சாந்தும் எப்படி அடுக்கப்பட்டன என்பதை உடைந்த இடங்களே காட்டும்.

அரிப்பிலிருந்து நானாட்டான் வழியாக முருங்கனை நோக்கி உள்ளே திரும்பினால் கடல்வாசம் குறைந்து சேற்றுவாசம் ஏறும். மன்னாரின் நெல்லில் பெரும்பகுதி கட்டுக்கரைக்குளத்தின் பிள்ளை. ஆங்கிலேயர் இராட்சதக் குளம் என்று பெயர் வைத்தது இதற்குத்தான். 5ஆம் நூற்றாண்டின் தாதுசேன மன்னன் கட்டியது என்பது வரலாற்று மரபு. பேராசிரியர் பரமு புஷ்பரட்ணம் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் இக்குளப் பகுதியில் செய்த அகழாய்வோ, அதற்கும் முந்திய இரும்புக்கால மக்களின் குடியிருப்பையும் சுடுமண் உருவங்களையும் வெளிக்கொண்டு வந்தது. குளத்துக்கு நீர் தருவது அருவி ஆறு. மேலே தேக்கம் என்ற இடத்தில் பெருங்கற்களை அடுக்கி ஆற்றை மறித்து, வாய்க்காலில் திருப்பிக் குளத்துக்குக் கொண்டு வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியர் பழுது பார்த்தபோது புதிதாகச் சரிவு எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பழையவர்கள் கண்டதே போதுமாயிருந்தது.

இந்தக் கைத்திறனின் அளவை அறிய இன்னொரு வாய்க்காலை நினைக்கலாம். கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துக்கு நீர் கொண்டுபோகும் யோத எலவும் தாதுசேனன் பேரில் வழங்குவதுதான். அதன் தொடக்கப் பகுதியில் சரிவு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 10 சென்றிமீற்றர் மட்டுமே. ஒரு சாண் உயரத்துக்கும் குறைவான இறக்கத்தை ஒரு கிலோமீற்றர் நீளத்துக்குப் பங்கிட்டுக் கொடுத்த கைகள் அவை. கட்டுக்கரையின் குளக்கட்டில் மெதுவாக உருண்டு போகும்போது ஒரு பக்கம் நீர்மட்டமும் மறு பக்கம் வயல்மட்டமும் தெரியும். இரண்டுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு வித்தியாசம்தான் ஒரு மாவட்டத்தின் சோறு. துருசு திறந்திருக்கும் நாளில் இறங்கி நின்று பாருங்கள். பொறிகள் எதுவும் இல்லாமல், நீர் தன் எடையாலேயே வாய்க்காலுக்குள் புகுந்து, கிளை வாய்க்காலுக்குப் பிரிந்து, வரம்புக்கு வரம்பு இறங்கும்.

பெப்ரவரியும் மார்ச்சும் இதற்கு உகந்த காலம். மாரி ஓய்ந்து குளம் நிறைந்திருக்கும். காலபோக வெள்ளாண்மை பழுத்து அறுவடைக்கு நிற்கும், அல்லது அறுத்த வயலில் கொக்குகள் இறங்கியிருக்கும். குளிர் காலத்துக்கு வந்த வலசைப் பறவைகள் இன்னும் போயிருக்காது. காற்றும் மாறுகின்ற காலமாகையால் கடுமை காட்டாது. உயிலங்குளம், அடம்பன் பக்கத்து வயல்வீதிகளில் வேகத்தை 15 கிலோமீற்றருக்கு மேல் ஏற்றாதீர்கள். அந்த வேகத்தில் சில்லின் ஓசையே பெரிதாகக் கேட்காது. வாய்க்காலில் நிற்கும் பறவை நீங்கள் அருகே வந்த பிறகுதான் எழும். மாட்டு மந்தை தெருவை மறித்தால் மணி அடிக்க வேண்டாம். ஒரு காலை ஊன்றி நின்றால் போதும், அவை தாமாக விலகும்.

வயல்வெளி முடிந்து உவர்நிலம் தொடங்கும் விளிம்பில் திருக்கேதீச்சரம் இருக்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய தலம். பக்கத்தில் பாலாவித் தீர்த்தம். போர்த்துக்கீசர் அழித்த கோயிலை மீண்டும் எழுப்ப வேண்டுமென்று 1872இல் ஆறுமுக நாவலர் குரல் கொடுத்தார். 1948இல் திருப்பணிச் சபை அமைந்தது, 1976இல் குடமுழுக்கு நடந்தது. முழுதும் கருங்கல்லால் எழுந்த இன்றைய கோயிலுக்கு 2022இல் குடமுழுக்கு. கோயிலைச் சுற்றிய மேடே பழைய மாதோட்டம், இன்றைய மாந்தை. சோழர் காலத்தில் இராசராசபுரம் என்றும் பெயர் பெற்றிருந்த இவ்வூரில் தாழி குமரன் என்பவன் இராசராசேச்சரம் என்ற கோயிலை எடுத்தான் என்று சொல்லும் கல்வெட்டு இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே நடந்த அகழாய்வில் எடுத்த மண்ணிலிருந்து ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கிராம்பும், அதைவிடப் பழைய மிளகும் கிடைத்தன. கிராம்பு விளைந்தது தொலைதூர மலுக்குத் தீவுகளில். அது இங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம், காலையிலிருந்து நம்மோடு கூட வந்த அதே நீர்தான். அநுராதபுரத்தை ஆறு கடலோடு இணைத்தது. குளம் துறைமுகத்துக்குச் சோறு போட்டது. சைக்கிளில் வந்தவருக்கு இந்தத் தொடர்பை யாரும் விளக்கவேண்டியதில்லை.

மாந்தையிலிருந்து வடக்கே ஏ-32 வீதி. பாப்பாமோட்டை தாண்டியதும் இரு புறமும் வெளி அகலும். வெட்டவெளியான உவர்த்தரை, ஆங்காங்கே நீர், மழை ஓய்ந்த மாதங்களில் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகப் பூநாரைக் கூட்டம். பிரதான வீதியிலிருந்து கடல் பக்கம் திரும்பி ஊருக்குள் நுழைந்தால் விடத்தல்தீவு. நீர்வழியின் கடைசி வீடு இது. கண்டல் மரங்களுக்கு நடுவே போகும் ஓடையில் படகுகள் கடலுக்கு இறங்கும். நன்னீரும் உவர்நீரும் சேருமிடத்தில் வேரூன்றிய இந்தக் கண்டல்தான் இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் தொட்டில். 2016இல் 29,180 ஹெக்டேயர் பரப்பு இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அதிலிருந்து 168 ஹெக்டேயரை இறால், மீன் வளர்ப்புக்காக விடுவிக்கும் வர்த்தமானி வந்தபோது சூழலியல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. மேலேயிருந்து நீரோடு இறங்கி வந்தவருக்கு அந்த வழக்கின் பொருள் நன்றாகப் புரியும். குளம், வயல், கண்டல், கடல் என்று நாலையும் தனித்தனிக் கோப்புகளாக வைக்கலாம். நிலத்தில் அவை ஒன்றே.

இந்த ஊரின் சைக்கிள்களுக்கு வேறு கதையும் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழ்ந்த விடத்தல்தீவிலிருந்து 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு போர் ஊரையே பெயர்த்தது. எரிபொருள் தடைப்பட்ட அந்த ஆண்டுகளில் வடக்கு முழுவதும் விறகும் நெல்லும் நோயாளியும் கரியரிலும் பாரிலும்தான் போயினர். டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது மூலையில் கிடந்த சைக்கிள்கள் திரும்பவும் தெருவுக்கு வந்தன. ஆகவே இங்கே சைக்கிள் ஓடி மகிழ வருகிறவர் எதிரே மீன்பெட்டி கட்டி வருகிறவரைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட வேண்டும். இந்தக் கலையில் அவர்தான் மூத்தவர்.

பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில் ஏறக்குறைய 900 கிலோமீற்றருக்குச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். அரண்மனைகளைத் தொட்டுக்கொண்டு ஆற்றோடு போகலாம். திருப்பத்துக்குத் திருப்பம் பலகை இருக்கும். மன்னாருக்கு அவ்வளவு செலவு வேண்டாம். குளக்கட்டுகளும் வாய்க்கால் ஓரங்களும் வயல்வீதிகளும் ஏற்கெனவே பாதைகள்தாம். நிழல் மரங்கள், குடிநீர்க் குழாய்கள், தேக்கத்திலும் மாந்தையிலும் அரிப்பிலும் நல்ல தமிழில் எழுதிய பலகைகள் இருந்தால் போதும். முதலில் கூட்டிப் போக வேண்டியது வெளியூர்ச் சுற்றுலாக்காரரை அல்ல. முருங்கனிலும் அடம்பனிலும் விடத்தல்தீவிலும் தினமும் சைக்கிளிலேயே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை, வரலாறு படிப்பிக்கும் ஆசிரியரோடு, ஆற்றிலிருந்து கடல்வரை ஒரு சனிக்கிழமை உழக்க விடுங்கள். தங்கள் ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அவர்கள் காலே விடை சொல்லும். அப்படி விடை கண்ட பிள்ளை, வளர்ந்த பிறகு, குளத்தையும் கண்டலையும் எளிதில் விட்டுக்கொடுக்காது.