இணைப்பும் உடைமையும்

கவிதையும் கதையும் நாடகமும் மட்டுமே திறனாய்வுக்குரிய பொருள்கள் என்ற எண்ணம் எம்மவரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. வகுப்பறையிலே நாமும் பெரும்பாலும் அவ்வாறே கற்பித்து வந்துள்ளோம். ஆயினும், கோடானுகோடி மக்கள் ஒருவரோடொருவர் பேசும் வழியையே மாற்றியமைக்கப் போவதாகக் கூறும் ஓர் உரைநடை எம்முன் வைக்கப்படும்போது, அதன் சொற்களை நிறுத்துப் பார்ப்பதும், உவமைகளை உரைத்துப் பார்ப்பதும், சொல்லாமல் விட்டவற்றைத் தேடிப் பார்ப்பதும் திறனாய்வாளரின் கடமையாகாதா?

அத்தகைய உரைநடை ஒன்று 2019 மார்ச் 6 ஆம் திகதி வெளியாயிற்று. அதை எழுதியவர் பேஸ்புக் நிறுவனத்தின் தலைவர் மார்க் சக்கர்பேர்க். அந்நிறுவனம் 2012 இல் இன்ஸ்டகிராமை 100 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2014 இல் வட்ஸ்அப்பை ஏறத்தாழ 1,900 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. மெசஞ்சர் அதன் சொந்தப் படைப்பு. இவற்றின் வழியே நடைபெறும் தனியுரையாடல் அனைத்தையும் ஒன்றோடொன்று இணைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடையின்றிச் செய்தி அனுப்ப வழிசெய்யப் போவதாக அவ்வறிக்கை கூறிற்று. அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர மூன்றாமவர் எவரும் படிக்க முடியாதவாறு உரையாடல் மறைகுறியாக்கப்படும் என்றது. பழைய செய்திகள் காலம் கடந்தும் கிடந்து உடையவரையே குத்தாதவாறு அழியும் என்றது. தனிமையைக் காப்பதில் தம் நிறுவனத்துக்கு நற்பெயர் இல்லை என்பதையும் அவர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

கேட்பதற்கு இவை யாவும் இனியவை. எனினும் உலகம் மகிழ்ச்சியால் துள்ளவில்லை. இத்திட்டம் பற்றிய செய்தி அவ்வாண்டு ஜனவரியில் நியூயோர்க் டைம்ஸ் இதழில் கசிந்தவுடனேயே அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு விளக்கம் கோரிற்று. பெப்ரவரியில் ஜேர்மனியின் போட்டிக் கண்காணிப்பு அலுவலகம், மக்களின் மனமொத்த சம்மதமின்றி வெவ்வேறு சேவைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்தலாகாது எனக் கட்டளையிட்டது. பாமர மக்களும் ஐயுற்றனர். இந்த ஐயம் புதுமைக்கு அஞ்சும் பழமைவாதமா, அன்றேல் அனுபவம் கற்பித்த அறிவா? இக்கேள்விக்கு விடை காண்பதே எமது நோக்கம்.

முதலில் அறிக்கையின் உவமைகளை நோக்குவோம். பேஸ்புக்கும் இன்ஸ்டகிராமும் இதுவரை ஊர்ச் சதுக்கம் போன்று இருந்தன என்றும், இனி மக்களுக்கு வேண்டியது வீட்டின் வரவேற்பறை போன்ற இடம் என்றும் ஆசிரியர் கூறுகின்றார். உவமை என்பது தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குவது. ஆனால் சில வேளைகளில் தெரிந்ததைக் கொண்டு தெரியாததை மூடிவிடவும் அது உதவும். மருதமுனைச் சந்தியில் நின்று ஒருவன் பேசினால் அவன் முகம் தெரியும், குரல் தெரியும், எவர் மகன் என்பதும் தெரியும். அச்சந்தி பொதுச்சொத்து. அங்கே எழும் சண்டையைப் பத்து ஊருக்குப் பெருக்கிக் கேட்கச் செய்து, கூடும் கூட்டத்திடம் விளம்பரம் காட்டிப் பணம் பண்ணும் உடைமையாளர் எவரும் சந்திக்கு இல்லை.

வரவேற்பறை உவமையோ இன்னும் நுட்பமானது. எமது கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களிலே வீடு பெண்ணுக்குரியது. மணமாகும் மகளுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவதும் இங்குள்ள வழமை. அவ்வழமை பெற்றோரின் தோள்மேல் ஏற்றும் சுமை தனியே ஆராயப்பட வேண்டியது. ஆனால் வீட்டின் திறப்பு எவரிடம் உள்ளது என்பதில் இங்கே எவருக்கும் மயக்கமில்லை. முன்விறாந்தையில் யார் அமரலாம், யார் அமரலாகாது என்பதை வீட்டுக்காரியே தீர்மானிப்பாள். சக்கர்பேர்க் காட்டும் வரவேற்பறையின் திறப்பு எவரிடம் இருக்கின்றது? உள்ளே பேசுவது என்ன என்பதைக் கேட்கமாட்டேன் என்கிறார் வீட்டுடையவர். நல்லது. ஆனால் யார் யாரிடம் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பவற்றையெல்லாம் வாசலில் இருந்து குறித்துக்கொள்ளமாட்டேன் என்று அவர் கூறவில்லை. வாடகைக்கு இருப்பவனுக்கு வீட்டுக்காரன் என்ற பட்டத்தைச் சூட்டுவதே இவ்வுவமையின் வேலை.

அடுத்து, ஒரு சொல்லை நோக்குவோம். விரும்பிய எந்தச் சேவையிலிருந்தும் விரும்பியவரை அடையும் சுதந்திரம் பற்றி அறிக்கை பேசுகின்றது. எந்தச் சேவை? எமது சேவைகளுள் எதுவும், என்பதே அதன் உட்பொருள். தொலைபேசியின் குறுஞ்செய்திக்கு ஒரு சிறு கதவு திறக்கப்படலாம் என்ற பேச்சும் அதில் உண்டு. ஆனால் போட்டியாக நிற்கும் வேறொரு நிறுவனத்தின் செயலியிலிருந்து வட்ஸ்அப்புக்கு வழிவிடுவதாக அதில் வாக்குறுதி இல்லை. ஒரே தோட்டத்துக்குள் மூன்று வேலிகளை அகற்றிவிட்டு, வெளிவேலியை உயர்த்திக் கட்டுவதற்கு ஒற்றுமை என்று பெயர்! ஏகபோகம் தன்னை ஏகபோகம் என்று ஒருநாளும் அழைத்துக்கொண்டதில்லை.

மக்களின் ஐயத்துக்கு வரலாறும் உண்டு. 2014 இல் வட்ஸ்அப்பை வாங்கும்போது, அதன் கணக்குகளையும் பேஸ்புக் கணக்குகளையும் தானாகப் பொருத்திப் பார்ப்பது இயலாது என்று ஐரோப்பிய ஆணைக்குழுவுக்குக் கூறப்பட்டது. 2016 இல் அதற்கு வழிசெய்யப்பட்டது. தவறான தகவல் தந்தமைக்காக 2017 மே மாதத்தில் 11 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. இந்தியாவிலே, ஏழைகளுக்கு இலவச இணையம் என்ற பெயரால், தான் தெரிந்தெடுத்த சில தளங்களை மட்டுமே திறந்துவிடும் பிரீ பேசிக்ஸ் என்னும் திட்டத்தைப் பேஸ்புக் பெரும் விளம்பரத்தோடு முன்வைத்தது. மாணவரும் மென்பொருள் தொழிலாளரும் அதை எதிர்த்து இயக்கம் நடத்தினர். 2016 பெப்ரவரி 8 ஆம் திகதி இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், இணையத்தில் எதைப் பார்க்கின்றோம் என்பதைப் பொறுத்து வேறுபட்ட கட்டணம் அறவிடுவதைத் தடைசெய்தது. இலவசமாகக் கிடைப்பதை வேண்டாமென்று ஏழை நாடொன்று சொன்னது ஏன் என்று வியந்தோர் உளர். நெசவாளர் ஊரிலே பிறந்தோருக்கு அதில் வியப்பில்லை. நூலை முன்பணமின்றிக் கொடுப்பவன், துணியைத் தன் விலைக்கே எடுத்துக்கொள்வான் என்பது தறியில் அமர்ந்தோர் அறிந்த பாடம்.

எமக்கு இன்னும் அண்மையிலுள்ள சான்று ஒன்றுண்டு. 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, எமது மாவட்டத் தலைநகரான அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றிலே, கறியில் கிடந்த மாக்கட்டியைக் கருத்தடை மாத்திரை எனக் கூறிச் சிலர் சச்சரவிட்டனர். சிங்களம் சரிவரத் தெரியாத ஊழியர், சூழ்ந்து நின்றோரின் மிரட்டலுக்கு நடுவே ஆமென்று தலையசைத்தார். அத்தலையசைப்பு ஒப்புதல் வாக்குமூலமாகக் காணொளியில் பதிவாயிற்று. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. காணொளி பேஸ்புக் வழியே நாடெங்கும் பரவிற்று. பகுப்பாய்வில் அது வெறும் மாவே என்று தெளிவானது பின்னர்தான். மார்ச் தொடக்கத்தில், கண்டி மாவட்டத்திலே தாக்கப்பட்ட சாரதி ஒருவரின் மரணத்தையடுத்துத் திகனப் பகுதியில் வன்செயல் மூண்டபோது, அவ்வதந்தி அங்கே எரிபொருளாகக் கிடந்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புரையைப் பற்றி முறையிட்டோருக்குத் தக்க பதில் கிட்டவில்லை. அம்மொழியைப் படித்தறியும் போதிய ஊழியர் அந்நிறுவனத்திடம் இருக்கவில்லை. 2020 மே மாதத்தில், தன் தளம் இங்கு விளைத்த தீங்குக்காகப் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைகளுக்கு அது இரண்டாண்டு பிந்திய செய்தி.

2019 மே மாதத்தில் சிலாபத்தில் நிகழ்ந்தது இதன் மறுபக்கம். வணிகர் ஒருவர் இணையத்திலே தம்மோடு வாதிட்ட இன்னொருவருக்கு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி, ஒரு சமூகத்துக்கு விடுத்த மிரட்டலாகத் திரித்துப் படிக்கப்பட்டுக் கலவரத்துக்குக் காரணமாயிற்று. மொழியாசிரியர் என்ற வகையில் இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் எம்மை உறங்கவிடாதவை. கம்பிகள் இணைந்துவிட்டால் மனங்கள் இணைந்துவிடும் என்பது அறிக்கையின் அடியில் ஓடும் நம்பிக்கை. அம்பாறை உணவகத்தில் நின்ற இரு சாராருக்கும் இடையே கம்பி இருந்தது, மொழி இருக்கவில்லை. எமது சொற்களைப் படித்தறிய ஆள் வைக்காத நிறுவனம், எமது பேச்சு முழுவதையும் தன் ஒரே குழாயில் விடுமாறு கேட்டால், ஐயுறுவது அறிவீனமா?

ஒரே குழாய் என்பதன் பொருள் இன்னொரு நாளிலும் விளங்கிற்று. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி, எமது நேரப்படி இரவு ஒன்பது மணி கடந்தபோது, பேஸ்புக், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப், மெசஞ்சர் யாவும் ஒருங்கே ஊமையாயின. பராமரிப்பு வேலையின்போது இடப்பட்ட ஒரு தவறான கட்டளை அந்நிறுவனத்தின் உள்வலையமைப்பை அறுத்துவிட்டது. ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் அதன் முகவரிகளே இணையத்தில் இல்லாமற் போயின. கத்தாரிலும் சவூதியிலும் உழைப்போரின் குரலுக்காகக் காத்திருந்த எத்தனையோ வீடுகளில் அன்றிரவு மௌனம் நிலவியிருக்கும். ஒருவனுடைய கைப்பிழை உலகத்தின் பேச்சை நிறுத்த முடியுமாயின் அது முன்னேற்றமா? மேலும், ஒரே மடையை அடைப்பது ஆட்சியாளருக்கும் எளிது. 2018 மார்ச்சிலும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி மக்கள் வீதிக்கிறங்கிய வேளையிலும் எமது நாட்டில் இச்சேவைகள் முடக்கப்பட்டன. தனியுடைமையின் ஒற்றை வாயிலும் அரசின் ஒற்றைப் பூட்டும் ஒன்றுக்கொன்று பொருத்தமானவை.

இங்கே நேர்மையோடு ஓர் எதிர்வாதத்தையும் நோக்க வேண்டும். மறைகுறியாக்கம் மக்களுக்கு நன்மை தருவதன்றோ? ஐயமின்றி நன்மையே. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் நிழலில் வாழ்ந்து பழகிய சிறுபான்மையினராகிய எமக்கு, ஒட்டுக்கேட்க இயலாத உரையாடலின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வதந்தி பரவுகின்றது என்பதற்காக எல்லோருடைய கடிதத்தையும் உடைத்துப் படிக்க அரசுக்கு உரிமை வேண்டும் என்போரோடு எமக்கு உடன்பாடில்லை. ஏழைத் தாயொருத்தி கடல் கடந்த மகனோடு செலவின்றிப் பேசுவதும் சிறு காரியமன்று. ஆனால் பூட்டு நல்லதென்பதால் வீட்டை ஒருவருக்கே எழுதிக்கொடுக்க வேண்டுமா? நல்ல பூட்டை எல்லா வீட்டுக்கும் போடலாமே.

இணைப்புக்கு ஒற்றை உடைமையாளர் வேண்டியதில்லை என்பதற்கு வரலாறே சாட்சி. 1874 இல் பேர்ண் நகரில் 22 நாடுகள் கூடி உலகத் தபால் ஒன்றியத்துக்கு அடிகோலின. உலகத்தின் தபால் நிலையங்களை எந்த ஒரு செல்வரும் வாங்கவில்லை. ஒவ்வொரு நாடும் மற்ற நாட்டின் கடிதத்தைத் தன் கடிதம்போலவே கொண்டுசேர்ப்பது என்ற பொது விதி மட்டுமே வகுக்கப்பட்டது. இன்றும் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பிலிருந்து வேறொரு நிறுவனத்தின் இணைப்புக்குப் பேசுகின்றோம். மின்னஞ்சலும் அவ்வாறே செல்கின்றது. இவையும் ஒருமைப்பட்ட தொடர்பே. ஆனால் விதியால் வந்த ஒருமை, விலையால் வந்த ஒருமையன்று.

பின்னர் நடந்தவை இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கின. 2021 ஜனவரியில் வட்ஸ்அப் தன் தனியுரிமை விதிகளை மாற்றி, ஏற்காதோர் விலகலாம் என்ற தொனியில் அறிவித்தபோது, பலர் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் பெயர்ந்தனர். நிறுவனம் காலக்கெடுவை பெப்ரவரி 8 இலிருந்து மே 15 க்குத் தள்ளிவைத்தது. ஆயினும் பெயர்ந்தோரிற் பலர் திரும்பி வந்தனர். உறவினர் எல்லோரும் பழைய இடத்திலேயே இருக்கும்போது தனியொருவர் எங்கே போவது? இதே மாற்றத்துக்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் அந்நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபா அபராதம் விதித்தது. இதற்கிடையில், 2020 இல் தொடங்கப்பட்ட இன்ஸ்டகிராம், மெசஞ்சர் இணைப்பு 2023 டிசம்பரில் சந்தடியின்றி நிறுத்தப்பட்டது. தாம் கொடுத்த ஒற்றுமையைத் தாமே திரும்ப எடுத்துக்கொள்ள அவர்களுக்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. மறுபுறம், ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் இயற்றிய சட்டம், கோரும் பிற நிறுவனங்களின் செய்திச் சேவைக்கு வட்ஸ்அப் வழிதிறக்க வேண்டுமென்று 2024 மார்ச் முதல் கடமையாக்கிற்று. 2025 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றமொன்று அந்நிறுவனம் ஏகபோகமன்று என்று தீர்ப்பளித்ததையும் நாம் மறைக்கவில்லை. சட்டத்தின் வரைவிலக்கணம் எதுவாயினும் ஆகுக. வாழ்க்கையில் மாற்றுவழி உண்டா என்பதே எமது கேள்வி.

இக்கேள்வியை எம்மை நோக்கியும் திருப்பவேண்டும். 2020 இல் தொற்று நோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாமே பாடங்களை வட்ஸ்அப் குழுக்களில் ஏற்றினோம். அவசரத்துக்கு அது உதவிற்று. பாடசாலைகள் திறந்த பின்னரோ, அறிவித்தல் பலகை இருந்த இடத்தைக் குழுச்செய்தி பிடித்துக்கொண்டது. வீட்டில் ஒரே கைபேசியுள்ள பிள்ளைக்கும், கைபேசியே இல்லாத பிள்ளைக்கும் செய்தி எட்டாமற்போனால் குற்றம் கலிபோர்னியாவிலில்லை, எம்மிடமே உள்ளது. வசதி கருதி நாம் கைவிட்ட ஒவ்வொரு பொதுவழியும் தனிவழியின் சுங்கத்தை உயர்த்துகின்றது.

ஆதலால், கைபேசியை எறிந்துவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அறிவித்தல் பலகையை மீண்டும் சுவரில் மாட்டுவோம். எந்தச் செயலியிலிருந்தும் எந்தச் செயலிக்கும் செய்தி செல்லும் உரிமையைச் சட்டமாக்கும்படி எமது நாட்டிலும் கேட்போம். எமது மொழிகளில் வியாபாரம் செய்யும் நிறுவனம் எமது மொழிகளுக்குப் பதில் சொல்லவும் வேண்டுமென்று வற்புறுத்துவோம். சக்கர்பேர்க்கின் அறிக்கையை மாணவரிடம் கொடுத்து, அதன் உவமைகளுள் மறைந்திருக்கும் உடைமையாளரைக் கண்டுபிடிக்கச் சொல்வோம். அதுவும் இலக்கியப் பாடமே.

பாவும் ஊடையும் கூடினால் துணி. கூட்டியவர் கையில் அது இருக்கவேண்டும் என்பதே எமது வழக்கு.