ஆயிரம் கெஜத்துக்கு அப்பால்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடலில் 2025 ஜனவரி முதல் கண்டிப்பான ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. ‘தெற்கு வாழ் ஓர்க்கா’ எனப்படும் கொலைத் திமிங்கிலக் கூட்டத்தைச் சுற்றுலாப் படகோ சொந்தப் படகோ 1000 கெஜத்துக்குள், அதாவது சுமார் 914 மீட்டருக்குள், நெருங்கக் கூடாது. 2011-இல் மத்திய அரசு வகுத்த எல்லை 200 கெஜம்தான்.

இவ்வளவு தள்ளி நிறுத்துவதில் நியாயம் இருக்கிறது. இக்கூட்டத்தில் எஞ்சியிருப்பவை எழுபத்துச் சொச்சம். 1960, 70களில் காட்சிசாலைகளுக்காக இளம் ஓர்க்காக்களைப் பிடித்துப் போனதில் ஏறக்குறைய ஒரு தலைமுறையே பறிபோயிற்று. 2005-இல் அழிவின் விளிம்பிலுள்ளவையாக இவை அறிவிக்கப்பட்டன. சினூக் சால்மன்தான் முக்கிய இரை. ஒலியெழுப்பி, எதிரொலி கேட்டுத்தான் அதைத் தேடிப் பிடிக்கின்றன. எந்திர இரைச்சல் நிறைந்த நீரில் அந்த எதிரொலி எப்படிக் கேட்கும்? உடலில் ஒட்டிய பதிவுக் கருவிகளின் துணையோடு நடந்து 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று, படகுகள் 400 கெஜத்துக்குள் வந்தால் பெண் ஓர்க்காக்கள் இரைக்காக முங்குவதைக் குறைத்துக்கொள்வதைக் காட்டியது. பாலூட்ட வேண்டிய தாய்களே உண்ணாமல் விடுவது, இவ்வளவு சிறிய கூட்டத்துக்குத் தாங்காத இழப்பு.

ஓர்க்காக்களிலிருந்து அரைக் கடல் மைலுக்குள் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாதென்ற விதியும் உண்டு. இதைப் பற்றிய பேச்சு குறைவு. ஆனால் வேகம் கூடக்கூட இரைச்சலும் கூடுவதால், இதிலும் பலன் உண்டு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 2021 முதல் சுற்றுலாப் படகுகளுக்கு உரிமம் கட்டாயமானது: கோடை மூன்று மாதங்களில் மட்டும், குறித்த நேரங்களில், ஒரு கூட்டத்தருகே மூன்று படகுகள் வரைதான் போக முடிந்தது. அந்தப் படகுகளை ஓட்டியவர்கள் ஓர்க்காக்களை அடையாளம் அறிந்தவர்கள். அருகே விரைந்து வரும் சொந்தப் படகுகளை எச்சரித்து வேகம் குறைக்க வைத்தவர்களும் அவர்களே. புதிய எல்லை அவர்களையும் அப்பால் தள்ளிவிட்டது. இனி, விடுமுறைக்குப் படகெடுத்து வருபவர்தான் தொலைவில் தெரியும் முதுகுத் துடுப்பைப் பார்த்து, அது சால்மன் தின்னும் தெற்கு வாழ் ஓர்க்காவா, கடல்நாய் தின்னும் பிக்ஸ் ஓர்க்காவா என்று முடிவு செய்ய வேண்டும். முன்னதற்கு 1000 கெஜம், பின்னதற்கு 200. தேர்ந்த கண்ணே தடுமாறும் தூரத்தில் இதைச் சாதாரணப் படகோட்டியிடம் எதிர்பார்ப்பது சட்டத்தின் பெரிய ஓட்டை.

படகே வேண்டாமென்றால், அதே மாநிலத்தின் சான் வான் தீவிலுள்ள லைம் கில்ன் முனையில் கரையிலிருந்தே ஓர்க்காக்களைப் பார்க்கலாம். எந்திரச் சத்தமே இல்லை. ஆனால் சால்மன் குறைந்ததும் அவை கோடையில் அங்கே வருவதும் குறைந்துவிட்டது. படகுகளை விலக்கினால் வேட்டை எளிதாகும், மீன் பெருகாது. இன்னொன்று: அதே நீரில் போகும் சரக்குக் கப்பல்கள் வேகம் குறைப்பதோ விருப்பத்தின் பேரில்தான். சிறு படகுக்குத் தண்டனையும் பெருங்கப்பலுக்கு வேண்டுகோளும் என்பது நேர்மையான பங்கீடு ஆகாது.

தூரத்தைச் சுருக்கத் தேவையில்லை. வாஷிங்டனில் எந்திரப் படகு ஓட்டுவோர் பெரும்பாலோர் படகுக் கல்வி அட்டை பெற்றாக வேண்டும். அந்தத் தேர்விலேயே ஓர்க்கா வகைகளை அடையாளம் காண்பதையும் சேர்க்கலாம். கப்பல்களின் வேகக் குறைப்பையும் கோடையிலாவது கட்டாயமாக்கலாம்.