பைத்தான் மொழி: திருத்தமும் மூலநெறியும்

கணினிக்கு ஆணையிட மனிதர் வகுத்த செயற்கை மொழிகளுக்கும் இலக்கணம் உண்டு, நெறியும் உண்டு. அவற்றுள் ஒன்றான பைத்தானை, நெதர்லாந்து நாட்டவரான குயிடோ வான் ரோசம் 1989ஆம் ஆண்டின் இறுதியில் உருவாக்கத் தொடங்கி 1991இல் வெளியிட்டார். எழுதிய நிரல் படிப்பவர்க்குத் தெளிவாக விளங்க வேண்டும் என்பதே அம்மொழியின் உயிர்க்கொள்கை. 1999இல் டிம் பீட்டர்ஸ் என்பார் அக்கொள்கையை 19 நெறிமொழிகளாகத் தொகுத்தார். 2008 டிசம்பர் 3ஆம் நாள் மூன்றாம் பதிப்பு வெளிவந்தபோது, பழைய நிரல்கள் பல அதில் இயங்கவில்லை. இத்திருத்தம் மூலநெறியைப் போற்றியதா, புறக்கணித்ததா என்பதே ஈண்டு நாம் ஆராய்வது.

நம் இலக்கண நூலார் வழுவமைதி என்றொன்றை வகுத்துள்ளனர். வழுவாயினும் காரணம் நோக்கி ஏற்கப்படுவது அது. பழைய பைத்தானிலும் அத்தகையன இருந்தன. 7ஐ 2ஆல் வகுக்கச் சொன்னால், அது 3.5 என்னாது 3 என்றே விடை கூறியது. சி மொழியின் வழக்கைப் பின்பற்றியதே இதற்குக் காரணம். புதிய பதிப்பு இவ்வமைதியை நீக்கிற்று.

எழுத்துகளைக் கையாண்ட முறையோ இதனினும் பெரிய வழு. பைட்டுகளின் தொடர், யூனிகோடு எழுத்துகளின் தொடர் என இருவகை இருந்தன. இரண்டையும் இணைக்கச் சொன்னால், பைட்டுகள் ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும் எனப் பழைய மொழி தானே ஊகித்துக்கொண்டது. ஆங்கிலம் மட்டும் வந்தவரை நிரல் ஓடும். தமிழ்ச் சொல் ஒன்று புகுந்தால் இடையில் நின்றுவிடும். ஐயமுள்ள இடத்தில் ஊகித்தல் ஆகாது என்பது 19 நெறிகளுள் ஒன்று. அதனை மீறியது பழைய மொழியே. இருவகையும் கலக்க இடந்தராத புதிய மொழி அதனைக் காத்தது.

‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால், யூடிஎஃப்-8 முறையில் அமைந்த பைட்டுகளை எண்ணிப் பழைய மொழி 15 என்றது. புதியது 5 என்கிறது. நம் மாணவரோ 3 என்பர். உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் யூனிகோடு தனித்தனியே எண்ணுவதால் வந்த வேறுபாடு இது. குறை முற்றும் தீரவில்லை. எனினும் திசை சரியானதே.

ஆயினும், தூய்மையினும் நடைமுறைப் பயனே மேல் என்பதும் அந்நெறிகளுள் ஒன்றன்றோ? யூனிகோடு தொடருக்கு முன் இட்டுவந்த ‘யு’ குறியை 2008இல் நீக்கினர். பழைய நிரல்களை மாற்றுவோர் இடர்ப்பட்டதால் 2012இல், 3.3ஆம் பதிப்பில், மீண்டும் ஏற்றனர். இரண்டாம் பதிப்பின் பராமரிப்பு 2015இல் முடியும் என்று குறித்திருந்தும் 2020 வரை நீட்டிக்க நேர்ந்தது. இவை பயன்பாட்டை முன்னரே எண்ணாமையின் விளைவுகள் எனலாம்.

ஆகவே, மூன்றாம் பதிப்பு மொழியின் தெளிவுக்கு உண்மையாக நின்றது. அம்மொழியில் எழுதுவோர்க்கு ஆற்ற வேண்டிய கடமையில் தாழ்ந்தது. தெளிவைக் காத்தவாறே பழகியோரையும் உடன் அழைத்துச் செல்வதே முழுமையான திருத்தமாகும்.