அண்ணன்மார் கதைப்பாட்டு: ஒரு பாட்டும் பல பதிவுகளும்

அண்ணன்மார் கதைப்பாட்டு கொங்கு நாட்டில் உடுக்கை அடித்துப் பாடப்படும் நெடுங்கதைப் பாடல். பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தோரும் அவர்களுடைய தங்கை அருக்காணித் தங்காளும் இதன் தலைமக்கள். குன்னுடையாக் கவுண்டரும் தாமரை நாச்சியாரும் பெற்றோர். மூத்தவர் பொன்னர் பொறுமைசாலி, இளையவர் சங்கர் முன்கோபி. கதை முடியும் இடம் மணப்பாறையை அடுத்த வீரப்பூர். அங்கு மாசி மாதத்தில் பெரிய விழா நடைபெறுகிறது. ஆயினும் பாட்டு வீரப்பூரோடு நிற்பதில்லை. திருச்செங்கோடு, ஈரோடு, காங்கேயம், கரூர் என்று கொங்குப் பகுதி முழுவதும் அது ஊருக்கு ஊர் பாடப்பட்டு வந்துள்ளது. ஒவ்வோர் ஊரிலும் அது சற்றே வேறு பாட்டு.

"எது சரியான அண்ணன்மார் கதை?" என்று மாணவர்கள் கேட்பது வழக்கம். ஒலிப்பதிவு வருவதற்கு முன்னர் இக்கேள்விக்கு அவ்வளவாக இடம் இருந்திருக்காது. தம் ஊருக்கு வந்து பாடியவர் பாடியதே கதை. பக்கத்து ஊர்க்காரர் வேறுவிதமாகச் சொன்னால் "அவங்க அப்படிப் பாடுவாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பாட்டு நாடாவிலும் நூலிலும் ஏறிய பிறகுதான் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடவும், ஒன்றைச் சரி என்றும் மற்றதைத் தவறு என்றும் சொல்லவும் வழி பிறந்தது.

பதிவுகள்

இப்பாட்டின் பதிவுகளில் ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்துவது, மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் அருகிலுள்ள ஓலப்பாளையத்தில் செய்த பதிவு. ராமசாமி என்ற உடுக்கைப் பாடகர் பின்பாட்டுக்காரர் ஒருவரைத் துணையாகக் கொண்டு பல இரவுகள் பாடினார். முப்பது மணி நேரத்துக்கும் மேலான நாடாக்கள் சேர்ந்தன. அதே பாடகர் அதே கதையைக் கூட்டம் எதுவும் இல்லாமல், எழுதுபவர் ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்த வடிவம் ஒன்றையும் பெக் பெற்றார். இவற்றைக் கொண்டு அவர் எழுதிய ஆங்கில ஆய்வு நூல் 1982இல் வெளிவந்தது. கதை தமிழிலும் ஆங்கிலத்திலுமாக இரண்டு தொகுதிகளில் 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது.

இதற்கிடையே 1971இல் கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்த 'அண்ணன்மார் சுவாமி கதை' நூல் வெளியாயிற்று. மு. கருணாநிதி இக்கதையைப் 'பொன்னர் சங்கர்' என்ற சரித்திர நாவலாக எழுதினார். அது தியாகராஜன் இயக்கத்தில், பிரசாந்த் இரு வேடங்களில் நடிக்க, 2011இல் திரைப்படமாகவும் வந்தது. ஒலிநாடாக் காலத்தில் உடுக்கைப் பாடகர்கள் பலருடைய பதிவுகள் கடைகளில் விற்பனைக்கு வந்தன. பின்னர் அவை குறுந்தகட்டுக்கும், அங்கிருந்து கைப்பேசிக்கும் மாறின.

ஒரே பாடகர், இரு வடிவங்கள்

ராமசாமி பாடிய வடிவமும் சொல்லி எழுதச் செய்த வடிவமும் மாணவர்கள் முதலில் கவனிக்க வேண்டியவை. பாடகர் மாறினால் பாட்டு மாறும் என்பது யாருக்கும் தெரியும். இங்கு பாடகர் மாறவில்லை, கேட்பவர் மட்டுமே மாறினார். எதிரில் ஊர் மக்கள் அமர்ந்திருக்கும்போது பாடகர் ஒரு காட்சியை நீட்டுகிறார், உரையாடலை வளர்க்கிறார், பின்பாட்டுக்காரரின் "ஆமா"வுக்காக நிறுத்துகிறார். தாளும் பேனாவும் மட்டும் எதிரில் இருந்தால் இவற்றுக்குத் தேவை இல்லை. ஆகவே 'ராமசாமியின் அண்ணன்மார் கதை' என்று ஒன்றைச் சுட்டுவதுகூடக் கடினம். அச்சு நூலை மட்டும் படித்துவிட்டு வாய்மொழிக் காப்பியத்தைப் பற்றி ஆய்வேடு எழுதுவோர் இதை எண்ணிப் பார்ப்பது குறைவு.

ஒலிநாடாவின் அளவு

வணிக நாடாக்களின் சிக்கல் வேறு வகையானது. அறுபது நிமிட நாடாவின் ஒரு பக்கம் அரை மணி நேரம், தொண்ணூறு நிமிட நாடாவின் ஒரு பக்கம் முக்கால் மணி நேரம். இரவு முழுவதும் பாடிப் பழகியவர் அந்த அளவுக்குள் ஒரு கட்டத்தை முடிக்க வேண்டும். எனவே வெட்டு விழுகிறது. எதை வெட்டுகிறார்கள் என்பதே திறனாய்வுக்குரிய கேள்வி.

பெரும்பாலும் தப்பிப்பவை இரண்டு. ஒன்று, கொம்பன் என்னும் காட்டுப்பன்றியைச் சங்கர் கொல்லும் பகுதி. பொன்னாச்சி என்ற சிறு நாய் அதில் வருவதால் குழந்தைகளும் விரும்பிக் கேட்பார்கள். மற்றொன்று தங்காளின் புலம்பல். முன் தலைமுறையின் வறுமை, பங்காளிகள் செய்த கொடுமை, தாமரை நாச்சியாரின் நெடிய தவம் ஆகியவை சுருங்குகின்றன. இதனால் கதை வீரக்கதையாக மட்டும் ஒலிக்கத் தொடங்குகிறது. உண்மையில் பாட்டின் முதற்பாதி மண்ணைத் திருத்திப் பயிர் செய்த குடும்பத்தின் கதை, பிள்ளையில்லாத வீட்டின் கதை. அதைக் கேட்காதவருக்குப் பிற்பாதியின் இழப்பு முழுமையாகப் புரியாது.

கிளிக் காட்சி

பாடகருக்குப் பாடகர் அதிகம் வேறுபடும் இடம் கிளி பிடிக்கும் காட்சி. தங்காள் ஆசைப்பட்டாள் என்று அண்ணன்மார் வேட்டுவர் காட்டுக்குச் சென்று கிளியைப் பிடித்து வருகிறார்கள். அதனால் வேட்டுவர் குலத்து இளவரசி சினம் கொள்கிறாள். பகை முற்றிக் கொம்பனும் போரும் பின்தொடர்கின்றன. இந்தக் காட்சியை நிதானமாகப் பாடினால், முதலில் பிறர் எல்லையில் கை வைத்தவர் யார் என்ற எண்ணம் கேட்பவருக்குத் தானே வரும். இரண்டு அடியில் தாண்டிவிட்டால், வேட்டுவர் காரணமின்றிப் பகை கொண்டவராகிவிடுகிறார்கள்.

இது நுணுக்கம் பார்ப்பவர்களின் வீண் கவலை அல்ல. கொங்கு வேளாளரும் வேட்டுவரும் இன்றும் இதே ஊர்களில் அடுத்தடுத்த தோட்டங்களில் வாழ்கிறார்கள். வேட்டுவரிடையே இக்கதையைத் தம் பக்கத்திலிருந்து சொல்லும் வழக்கும் உண்டு. நேரில் பாடுபவர் எந்த ஊரில், யார் முன்னிலையில் பாடுகிறோம் என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்துகொள்வார். நாடாவுக்கு அது தெரியாது. ஓர் ஊருக்காகப் பாடியது வேறோர் ஊரின் ஒலிபெருக்கியில் அப்படியே முழங்கும். நாவலும் திரைப்படமும் வந்த பிறகு, ஒரு வடிவமே 'வரலாறு' என்று பிடித்துக்கொள்ளும் போக்கும் வளர்ந்துள்ளது. பல குரல்களில் இருந்தவரை யாரையும் அவ்வளவாகப் புண்படுத்தாத பாட்டு, ஒற்றைக் குரலானால் ஒரு சாராரை நிலையாகக் குற்றவாளி ஆக்கிவிடும்.

பதிவில் வராதது

படுகளம் பாடும்போது கேட்பவர்களில் சிலர் அருள் வந்து களத்தில் விழுவார்கள். இறந்தவர் போல் கிடப்பவர்களைத் தங்காள் எழுப்பும் கட்டம் வந்து, தண்ணீர் தெளித்த பின்னரே எழுவார்கள். கதையிலும் தங்காள் மாண்ட அண்ணன்மாரைச் சிறிது நேரம் உயிர்ப்பித்துப் பேசுகிறாள். விழுந்தவர் எழும்வரை பாடகரால் பாட்டை நிறுத்த முடியாது. உடுக்கையின் இடைக் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் ஒலியை ஏற்றி இறக்கி, அவர்கள் நிலையைப் பார்த்துக்கொண்டே பாடுவார். பதிவுக்கூடத்தில் பாடிய படுகளத்தில் குரல் தெளிவாக உள்ளது, உடுக்கையும் துல்லியமாகக் கேட்கிறது. ஆனால் யாரையும் எழுப்ப வேண்டிய கட்டாயம் அந்தக் குரலுக்கு இல்லை. ஊர்க் கோயிலில் எடுத்த பதிவுகளில் இரைச்சலும் குழந்தைகளின் அழுகையும் ஒலிபெருக்கியின் கீச்சொலியும் கலந்திருந்தாலும், படுகளத்தை அறிய அவையே மேலானவை.

இதனால் வணிகப் பதிவுகளைத் தள்ளிவிட வேண்டும் என்பதில்லை. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளில் வெளிமாநிலம் சென்று மாதக்கணக்கில் தங்கும் தொழிலாளர்களுக்கு ஊர் நோன்பு எட்டாது, பதிவு எட்டும். இரவு முழுவதும் பாடும் பாடகர்கள் குறைந்துவரும் நிலையில், வெட்டப்பட்ட வடிவமாவது இருப்பது நல்லதே. பழைய நாடாக்களில் குறையாகத் தெரிவது வேறு: பாடகர் பெயர் உறைமேல் இருந்தாலும், அவர் எந்த ஊர், யாரிடம் கற்றார், எந்த ஆண்டு பாடினார் என்ற விவரங்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. இணையத்தில் ஏற்றும்போது பாடகர் பெயரும் உதிர்ந்துவிடுகிறது. வீட்டில் பழைய நாடா வைத்திருப்பவர்கள் அதை எண்ணிம வடிவுக்கு மாற்றும்போது உறையையும் படம் எடுத்துச் சேர்ப்பது உதவும். அந்த ஊரில் வயதானவர் யாரேனும் இருந்தால், பாடகரைப் பற்றி அவரிடம் இப்போதே கேட்டு எழுதி வைக்கலாம்.